குடற்புழு மருந்துப் போத்தலில் ஒட்டிய ஸ்டிக்கர் குறித்துப் புகார்

அனுப்புநர்:
கறவை ஆடு வளர்ப்பவர்,
நிபோங் திபால், பினாங்கு.

பெறுநர்:
நிர்வாகி,
கால்நடை மருந்து விற்பனை நிறுவனம்.

ஐயா,

உங்கள் விற்பனையாளர் எங்கள் ஆட்டுக் கொட்டகைக்கே வந்து விற்றுவிட்டுப் போன ஐவர்மெக்டின் புழு மருந்து வேலை செய்யவில்லை என்று வாட்சாப்பில் ஏற்கெனவே முறையிட்டேன். "உங்க ஆட்டுக்கு மருந்து பழகிப்போச்சு, மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் குடுங்க" என்று ஒரு வரி பதில் வந்தது. அந்த யோசனையும் தப்பு என்பதால் இப்போது கடிதமாகவே எழுதுகிறேன்.

போத்தலின் மேல் உங்கள் நிறுவனத்தின் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கிறது. "ஆடு, மாடு, செம்மறி: 10 கிலோவுக்கு 1 மில்லி. எல்லாப் புழுவுக்கும்" என்று மலாயிலும் தமிழிலும் போட்டிருக்கிறீர்கள். தமிழில் இருக்கிறதே என்றுதான் என் வீட்டுக்காரர் வாங்கினார். கொட்டகை ஈரத்தில் அதன் ஓரம் கிளம்பியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். அடியில் தயாரிப்பாளரின் சொந்த லேபிள் முழுசாக இருந்தது: ஒரு மில்லியில் 0.8 மில்லிகிராம் மருந்து, செம்மறிக்கு மட்டும், 10 கிலோவுக்கு 2.5 மில்லி, மனிதர் குடிக்கப் பால் கறக்கும் கால்நடைக்குக் கொடுக்கக்கூடாது.

இதை ஏன் மறைத்தீர்கள்?

கணக்கைப் பாருங்கள். 40 கிலோ எடையுள்ள சானென் இனக் கறவை ஆட்டுக்கு உங்கள் ஸ்டிக்கர்படி 4 மில்லி. தயாரிப்பாளர் கணக்கில் அதே எடையுள்ள செம்மறிக்கே 10 மில்லி. வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்தைச் செம்மறியைவிடச் சீக்கிரம் கழித்துவிடும். அதனால் வாய்வழி கொடுக்கும்போது செம்மறி அளவில் இரண்டு மடங்கு, அதாவது 20 மில்லி கொடுக்க வேண்டும் என்று எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னார். எங்கள் ஆடுகளுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்கு. இப்படி அரைகுறையாகக் கொடுத்தால் நோஞ்சான் புழு சாகும், தாக்குப்பிடிக்கிற புழு தங்கி முட்டையிடும். மருந்து பழகிப்போவது இப்படித்தான். பழக்கிவிட்டது யார்?

அடைமழைக் காலத்தில் இரண்டு கறவை ஆடுகளுக்குத் தாடைக்கடியில் நீர்கோத்து வீங்கியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, காகிதம்போல் வெளுத்திருந்தது. இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவின் வேலை அது. உங்கள் மருந்து கொடுக்கும் முன்பும், கொடுத்து 14 நாள் கழித்தும் புழுக்கையைச் சோதித்தோம். மருந்து சரியாக வேலை செய்தால் புழு முட்டை குறைந்தது 95 விழுக்காடு இறங்க வேண்டும். பாதிகூட இறங்கவில்லை. மருத்துவர் வேறு மருந்து கொடுத்தும் ஓர் ஆடு பிழைக்கவில்லை. நல்ல கறவை அது.

மந்தை முழுவதற்கும் மாதாமாதம் கொடுத்தால் மருந்துக்கு அடங்கும் புழு எல்லாம் ஒழிந்து அடங்காததுதான் மிஞ்சும். இமை பார்த்து, வெளுத்த ஆட்டுக்கு மட்டும், எடை போட்டுக் கொடுப்பதுதான் முறை. அதோடு, "எல்லாப் புழுவுக்கும்" என்பதும் பொய். ஐவர்மெக்டின் நாடாப்புழுவையும் ஈரல் தட்டைப்புழுவையும் ஒன்றும் செய்யாது.

எனக்கு அதிகக் கோபம் பால் விஷயத்தில்தான். "அன்னைக்கே கறந்து விக்கலாம்" என்று உங்கள் ஆள் வாய்கூசாமல் சொன்னார். இந்த மருந்து கொழுப்பில் கரைந்து பாலில் வரும். எங்களிடம் பால் வாங்குவது பெரும்பாலும் வயதானவர்கள், பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள். லேபிளைப் பார்த்த அன்றே விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களிடம் வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். மருத்துவர் சரி என்னும்வரை கறந்ததையெல்லாம் கொட்டினோம்.

அப்புறம், இதற்கு ஈடாக என்று உங்கள் ஆள் அல்பெண்டசோல் என்ற வேறொரு புழு மருந்தைக் கொண்டுவந்தார். கிடாய் சேர்ந்த ஆடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சினைபிடித்த முதல் மாதத்தில் அதைக் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

மருந்தின் விலை, செத்த ஆட்டின் விலை, கொட்டிய பாலின் விலை மூன்றையும் தர வேண்டும். அதைவிட முக்கியம், இந்த ஸ்டிக்கர் ஒட்டிய போத்தல்களை எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பால் பற்றி உடனே தெரியப்படுத்துங்கள். சுங்கை பாக்காப் பக்கம் இதே மருந்தை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தமிழில் அச்சிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அடியில் இருப்பதை முழுசாகத் தமிழில் போடுங்கள் என்கிறேன்.

14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இல்லையென்றால் கால்நடை சேவைத் துறையிடமும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் இதே கடிதம் போகும். பில், உரித்த ஸ்டிக்கரின் படம், புழுக்கைப் பரிசோதனை முடிவு இணைத்திருக்கிறேன். போத்தலைக் கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம், அது மருத்துவரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்