ரெண்டு தூணும் ஒரு பென்சில் எழுத்தும்

அன்புள்ள மச்சான்,

உன் மெசேஜ் வந்து மூணு வாரம் ஆயிடுச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத, எங்க ஃப்ரீமேசன் லாட்ஜ்ல உங்க வேதாகமத்து சாமான் எதுக்குன்னு நீ கேட்டது ரெண்டு வரில முடியற கேள்வி இல்ல, அதான் உக்காந்து லெட்டராவே எழுதிடலாம்னு. முதல்ல வீட்டு நியூஸ். முட்டி வலி பரவால்ல, மாடிப்படி ஏறும்போது மட்டும் பழைய கதவு மாதிரி சத்தம் போடுது. பொண்ணு வேலை மாறிட்டா, சந்தோஷமா இருக்கா, போன் பண்றதுதான் கொறஞ்சுபோச்சு. எங்க லாட்ஜ்ல, அதான் எங்க சங்கத்துக் கிளைல, ஒரு பெரியவர் போன மாசம் தவறிட்டார், அவர் கதை கீழ வருது, ஏன்னா உன் கேள்விக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கு.

லாட்ஜ்னு படிச்சதுமே நீ சிரிச்சிருப்ப. "லாட்ஜுக்குப் போறேன்"னு சொல்லிட்டு கோட்டு சூட்டு மாட்டி கையில ஒரு சின்ன பெட்டியோட சாயங்காலம் கிளம்புனா சொந்தக்காரங்க என்ன நெனைப்பாங்க, முதல் வருஷம் பூரா அந்த அவஸ்தைதான், அப்புறம் "மீட்டிங்"னு சொல்லப் பழகிட்டேன். இந்த வருஷம் குடுத்திருக்கிற பதவி அதைவிட மோசம், பேரு டைலர். "இந்த வயசுல தையல் வேற கத்துக்கிறீங்களா"ன்னு வீட்டுக்காரி கேட்டா. தைக்கிறவர் இல்லடா, வாசக்காவல். கையில ஒரு வாளோட கதவுக்கு வெளிய நிக்கணும், சம்பந்தமில்லாதவங்க உள்ள வராம பாத்துக்கணும், லேட்டா வர்றவங்களுக்கு கதவத் தட்டி உள்ள சொல்லணும். உள்ள நடக்குறது எதுவும் நமக்குத் தெரியாது. ஆனா மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து ஹாலை ரெடி பண்றதும் எங்க லாட்ஜ்ல டைலர் வேலைதான், அதனால உள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானையும் தொட்டுத் தொடச்சு தூக்கி வெச்சவன் நான்தான். அப்புறம் வெளிய போய் நின்னுக்குவேன்.

நீ கேட்டது என்ன, "எங்க வேதாகமத்து சாமானெல்லாம் உங்க ஹால்ல என்னடா பண்ணுது". நியாயமான கேள்வி. உண்மையச் சொல்லணும்னா நான் உங்க வேதாகமத்த ஒழுங்கா புரட்டுனதே லாட்ஜ்ல சேந்த அப்புறம்தான். நான் சத்தியப்பிரமாணம் பண்ணது கீதை மேல கைய வெச்சு, அவங்கவங்க வேதத்து மேல பண்ணலாம், ஏதோ ஒரு பரம்பொருள் மேல நம்பிக்கை இருக்கணும், அவ்வளவுதான் கேப்பாங்க. ஆனா உள்ள போனா ஆலயம் கட்டுன சாலொமோன் ராஜா, அவரோட வெண்கல வேலைக்காரன் ஈராம், யாக்கோபு கனவுல கண்ட ஏணின்னு எல்லாமே உங்க ஊட்டு சொத்து.

காரணம் ரொம்ப சிம்பிள், இது ஆரம்பத்துல கல் கொத்தர்கள் சங்கம். பிரிட்டன்ல கோயில் கோட்டை கட்டுன கொத்தனாருங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே புஸ்தகம் பைபிள், அதுலயே பெரிய கட்டடம் சாலொமோன் ஆலயம், அப்புறம் வேற எதப் பேசுவாங்க? பின்னாடி கல்லுக்கும் உளிக்கும் சம்பந்தமே இல்லாத கனவான்கள் உள்ள வந்தாங்க, 1717 ஜூன் 24-ஆம் தேதி லண்டன்ல ஒரு சாராயக்கடைல நாலு லாட்ஜ் சேந்து கிராண்ட் லாட்ஜ்னு ஒரு தலைமைச் சங்கம் ஆரம்பிச்சதா எங்க ஆளுங்க சொல்லுவாங்க, 1723-ல ஆண்டர்சன்னு ஒரு பாதிரியார் சட்டப் புஸ்தகம் போட்டார். ஆமா, பாதிரியார்தான், உங்க சர்ச் ஐயர்கிட்ட சொல்லு. அதுக்குள்ள 1738-லயே போப் 12-ஆம் கிளமென்ட் கத்தோலிக்கர் யாரும் இதுல சேரக்கூடாதுன்னு தடை போட்டுட்டார், ரோம் இன்னிக்கு வரைக்கும் அத எடுக்கல, 1983-ல மறுபடியும் உறுதியா சொல்லிட்டாங்க. உனக்கு ஒரு மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தியே, அது எனக்குப் புரியுதுடா. நாம கும்பிடுற சாமானை வேற யாரோ நாடக செட்டுல வெச்சிருந்தா எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

சரி, தூண் விஷயத்துக்கு வரேன். யாகீன், போவாஸ், சாலொமோன் ஆலயத்து வாசல்ல நின்ன ரெண்டு வெண்கலத் தூணோட பேரு, அதோட மாதிரிதான் எங்க ஹால்ல இருக்கு. 1 இராஜாக்கள் 7-ல ஒவ்வொண்ணும் 18 முழம் உயரம்னு இருக்கு, சுத்துக்கு 12 முழம். முழத்துக்கு ஒன்றரை அடின்னு வெச்சாலே 27 அடி ஆச்சு, தலைல இருக்கிற கும்பம் தனி. ஆனா 2 நாளாகமம் 3-ல பாத்தா 35 முழம்னு போட்டிருக்கு! ரெண்டையும் சேத்து எழுதிட்டாங்களோ என்னமோ, நீதான் சண்டே ஸ்கூல்ல கப்பு வாங்குனவன், நீ சொல்லு. எங்க தூண் என் தோள் உயரம், பிளைவுட்டு, ஒரு கையால தூக்கலாம். புதுசா வர்ற பசங்க தூக்கிப் பாத்துட்டு "இவ்ளோதானா"ன்னு சிரிப்பாங்க, நான் எரேமியா 52-ஐ எடுத்துக் காட்டுவேன், சாலொமோன் தூணும் உள்ள கூடுதான்டா, வெண்கலம் நாலு விரல் கனம்தான்னு. ஆனா மேல வெச்சிருக்கிற உருண்டை இருக்கே, ஒண்ணு பூமி, ஒண்ணு வானம், அது சுத்த கப்சா, வேதாகமத்துல இருக்கிறது அல்லி வேலைப்பாடும் மாதுளம்பழமும்தான், தூணுக்கு இருநூறு பழம். மேப்பு வரைஞ்ச பூமி உருண்டை சாலொமோனுக்கு எங்கருந்து கெடைக்கும், 18-ஆம் நூற்றாண்டு கனவான்களுக்கு க்ளோப் மேல ஆசை, ஏத்தி வெச்சுட்டாங்க.

இதுபோக ரெண்டு வார்டன், அதான் லாட்ஜ் தலைவருக்கு அடுத்த பதவிக்காரங்க, அவங்க மேஜை மேலயும் ஒரு ஜாண் உயரத்துல குட்டித் தூண் ஒண்ணு ஒண்ணு உண்டு. வேலை நடக்கும்போது சீனியர் வார்டன் தூண் நிக்கும், ஜூனியரோடது படுத்திருக்கும். சாப்பாட்டு பிரேக் விட்டா இது படுக்கும் அது எந்திரிக்கும். அவ்ளோதான், ஆனா எனக்கு அது ரொம்ப புடிக்கும், ஆபீஸ்ல இப்படி ஒண்ணு இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

என்னை நிஜமாவே புடிச்சு உலுக்குனது கல்லுதான். ரெண்டு கல் வெப்போம், ஒண்ணு கரடுமுரடா வெட்டி எடுத்த மாதிரியே, இன்னொண்ணு நாலு பக்கமும் இழைச்சு பளபளன்னு. பாடம் என்னன்னா நீ முதல் கல்லு, உன்ன செதுக்கி செதுக்கி ரெண்டாவதா ஆகணும். ஆலயம் கட்டும்போது கல்லெல்லாம் வெட்டுற இடத்துலயே பதம் பண்ணி கொண்டுவந்ததால சுத்தியல் கோடாலி எந்த இரும்புச் சத்தமும் அங்க கேக்கலன்னு 1 இராஜாக்கள் 6:7. ஏழு வருஷம் ஒரு கட்டடம் சத்தமில்லாம எழும்பியிருக்கு, யோசிச்சுப் பாரு. எங்ககிட்ட புதுசா சேர வர்றவன் உடம்புல காசு, மோதிரம்னு எந்த உலோகமும் இல்லாம உள்ள வரணும்னு ஒரு வழக்கம், அதுக்கு சொல்ற காரணத்துல இதுவும் ஒண்ணு. நானும் வருஷக்கணக்கா கரட்டுக் கல்லுன்னா மட்டம், இழைச்ச கல்லுன்னா உசத்தின்னு பாடம் ஒப்பிச்சிட்டு இருந்தேன். ஒரு நாள் யாத்திராகமம் 20 படிச்சா, பலிபீடம் கட்டுறதா இருந்தா வெட்டுன கல்லால கட்டாத, உளி பட்டா அது அசுத்தமாயிடும்னு இருக்கு! அப்ப எப்படிடா? ஆலயத்துக்கு இழைச்ச கல் வேணும், பலிபீடத்துக்கு மட்டும் கரட்டுக் கல்லேதான் வேணும். இதப் பத்தி எங்க சடங்குல ஒரு வார்த்தை கிடையாது. நான் பெரியவர்கிட்ட கேட்டேன், இப்ப தவறிட்டாரே அவர்கிட்ட. அவர் கரட்டுக் கல்ல கைல எடுத்து, தூசிய ஊதிட்டு, "இதுக்குத்தான் ரெண்டையும் வெச்சிருக்கோம், ஒண்ணத் தூக்கிப் போடல பாரு"ன்னார். அது சரியான விளக்கமா சும்மா சமாளிச்சாரான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல.

பெட்டி பத்தி கேட்டிருந்த. பத்துக் கட்டளைப் பலகை வெச்ச உடன்படிக்கைப் பெட்டி சாதாரண லாட்ஜ்ல ஒரு சாமானா இருக்காது, ராயல் ஆர்ச்னு மேல ஒரு பிரிவு இருக்கு, சில நாட்டுல அங்க அதோட மாதிரி ஒண்ணு வெப்பாங்க. அளவு ரெண்டரை முழம் நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம், அதாவது ஒரு டீப்பாய் சைஸு. இத்தன சண்டை, இத்தன சாவு, ஒரு டீப்பாய்க்கு! உள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டா உங்க புஸ்தகமே ரெண்டு விதமா பேசுது, 1 இராஜாக்கள் 8:9 ரெண்டு கற்பலகையத் தவிர ஒண்ணுமில்லங்குது, எபிரெயர் 9:4 மன்னா வெச்ச பொற்பாத்திரமும் துளிர்த்த ஆரோன் கோலும் கூட இருந்துச்சுங்குது. எனக்கு அதுல புடிச்சது உள்ள இருக்கிறது இல்ல, வெளிய இருக்கிற தண்டுதான். தூக்கிட்டுப் போற தண்ட வளையத்துலருந்து கழட்டவே கூடாதுன்னு கட்டளை. கோயிலுக்குள்ள கொண்டுபோய் நிரந்தரமா வெச்ச அப்புறமும் அது கிளம்ப ரெடியாவே இருந்திருக்கு. அப்புறம் நெஜமாவே காணாமப் போச்சு, எப்ப எங்கன்னு ஒரு வரி கெடையாது. தூணையாவது பாபிலோன்காரன் ஒடச்சு வெண்கலத்த அள்ளிட்டுப் போனான்னு எழுதி வெச்சிருக்காங்க.

'ஷிபோலேத்'னு சொல்லச் சொல்லி, 'ஷ' வராம 'சிபோலேத்'னவங்கள எதிரின்னு புடிச்சுக் கொன்ன வேதாகமக் கதையும் எங்ககிட்ட வருது, எந்த இடத்துலன்னு கேக்காத. நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு 'ஷ' வராது, அன்னிக்கு யோர்தான் துறையில நின்னிருந்தா 42,000 பேரோட நம்ம பெஞ்சும் போயிருக்கும். ரகசியம் ரகசியம்னு நீ கிண்டல் பண்ற, கை குலுக்குறதும் சில வார்த்தையும் மட்டும்தான் நான் சொல்லக்கூடாது, அதையும் 1730-லயே சாமுவேல் பிரிச்சர்ட்னு ஒருத்தர் அச்சடிச்சு வித்துட்டார். ஆனா நான் சொல்லமாட்டேன், சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்தேன்ல, அவ்ளோதான் விஷயம்.

ஈராம் கதை மட்டும் உனக்கு ஒத்துவராது. வேதாகமத்துல அவன் நப்தலி கோத்திரத்து விதவையோட மகன், வெண்கல வேலைக்காரன், எல்லா வேலையும் முடிச்சான்னு இருக்கு, நல்லபடியா. எங்க கதைல அவன் கட்டடம் முடியறதுக்கு முன்னாடியே கொலையாயிடுறான், ரகசியத்த சொல்லாம சாவுறான், குழிமேல ஒரு அகேஷியா கெளை. இது லாட்ஜ்காரங்களே சேத்துக்கிட்டது, உங்க புஸ்தகத்துல தேடாத. ஆனா அகேஷியான்னா என்ன, நம்ம வேல மர ஜாதி, உங்க மொழிபெயர்ப்புல சீத்திம் மரம், அந்த உடன்படிக்கைப் பெட்டி செஞ்ச அதே மரம். நான் இத ரொம்ப நாள் கவனிக்கவே இல்ல. பெரியவர் காரியத்தன்னிக்குத்தான் கவனிச்சேன். ஆளுக்கு ஒரு பச்சை அகேஷியாக் கெளை அவர் சவப்பெட்டி மேல வெச்சோம், லாட்ஜ்ல அவர் கட்டிக்கிற ஆட்டுத்தோல் ஏப்ரனும் அவரோடயே போச்சு. அது மரப்பெட்டி. பக்கத்துல நின்னவர் "பெட்டி மேல சீத்திம்"னு மெதுவா சொன்னார், உன்ன மாதிரி சர்ச்சுல வளந்தவர், எனக்கு சட்டுன்னு தொண்டை அடைச்சிடுச்சு.

அந்தப் பெரியவர்தான் எனக்கு முன்னாடி டைலர். யாராவது சடங்கு வசனத்த மறந்து முழிச்சா, கதவுக்கு வெளியருந்தே அடுத்த வார்த்தைய சொல்லிக் குடுப்பாருன்னு ஒரு கதை உண்டு, நான் நேர்ல கேட்டதில்ல. எனக்கும் அவருக்கும் தீராத சண்டை ஒண்ணு, எந்தத் தூண் எந்தப் பக்கம். வலது யாகீன், இடது போவாஸ்னு வேதாகமத்துலயே இருக்கு, அதுல சந்தேகமில்ல. ஆனா யாரோட வலது? உள்ள வர்றவனோட வலதா, உள்ளருந்து வெளிய பாக்குறவனோட வலதா? போதாக்குறைக்கு ஆலயத்துக்கு வாசல் கிழக்குல, மகா பரிசுத்த ஸ்தலம் மேற்குல, எங்க லாட்ஜ்ல மாஸ்டர், அதான் தலைவர், கிழக்குல உக்காருவார், வாசல் மேற்குல, அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. ஒவ்வொரு லாட்ஜ்லயும் ஒவ்வொரு மாதிரி வெப்பாங்க. நான் வர்றவனோட வலதுன்னு வாதாடுவேன், அவர் சிரிச்சுக்கிட்டே மாத்தி வெச்சுட்டுப் போவார்.

போன வாரம் மீட்டிங், அவர் இல்லாம முதல் தடவை. போவாஸத் தூக்கும்போது கை வழுக்கி சாஞ்சிடுச்சு, அப்பத்தான் அடிப்பக்கத்தப் பாத்தேன். வழுக்காம இருக்க ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கார், அது மேல பென்சில்ல "உள்ளே இருந்து பார்த்தால் இடது. 7:39". அவ்ளோதான். வீட்டுக்கு வந்து 1 இராஜாக்கள்ல பாத்தேன், ஆலயத்துல 'வெண்கலக் கடல்'ங்கிற பெரிய தண்ணித் தொட்டிய வலது பக்கம், தெற்கப் பாத்த கெழக்குல வெச்சான்னு இருக்கு. அப்ப வலதுன்னா தெற்கு, வாசல் கெழக்குல இருக்கிறதால உள்ளருந்து வெளிய பாக்குறவனோட வலது. மனுஷன் கரெக்டு. வருஷக்கணக்கா வெளியவே நின்னவர் உள்ளருந்து பாத்து கணக்கு வெச்சிருக்கார், ஒரு நாளாவது வாயத் தொறந்து அந்த வசனத்த சொல்லியிருக்கலாம்ல, கெழவன்.

இனிமே அவர் சொன்னபடிதான் வெப்பேன். நீ உன் பெரிய பைபிள்ல, அந்த அடிக்குறிப்பு போட்டது, அதுல 7:39-க்கு என்ன போட்டிருக்குன்னு பாத்து எழுது, போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. அடுத்த மாசம் எங்களுக்கு வெளியாளுங்களும் வர்ற டின்னர் இருக்கு, அன்னிக்கு வாளு கெடையாது, நீயும் தங்கச்சியும் வாங்க, ஹாலைத் தொறந்து தூணக் காட்டுறேன், அடியத் திருப்பிப் பாக்கலாம்.

உன் பழைய பெஞ்சுக்காரன்