பணவீக்கம் குறைந்தும் விலை ஏன் இறங்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

பணவீக்கம் தணிந்துவிட்டதென்றால் பருப்பும் சீனியும் ஏன் பழைய விலைக்கு வரவில்லை என்று இலங்கையில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம் மட்டுமே. மக்கள் வாங்கும் சாமான்களின் விலைமட்டத்தைக் காட்டும் எண்ணான கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் அது 69.8 சதவீதம். அதாவது, ஓராண்டுக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு ஏறக்குறைய 170 ரூபாய். 2023 செப்டெம்பரில் வீதம் 1.3 ஆனது, விலை 172 ஆகியது. 2024 செப்டெம்பரில் வீதம் பூச்சியத்துக்குக் கீழே, மறை 0.5. அப்போதும் விலை 171தான்! சம்பளமும் 2021இல் இருந்ததைவிட 71 சதவீதம் கூடியிருந்தால் மட்டுமே பழைய நிலை. பெரும்பாலான வீடுகளில் அப்படிக் கூடவில்லை என்பதே வேதனை.

இதற்குள் வற் எனும் பெறுமதி சேர் வரியும் 2022இல் 8இலிருந்து 12, பிறகு 15 என ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. சமையல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் இருந்த விலக்கும் அப்போதே நீங்கியது. வரி சேர்த்த விலையை 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்கினால் வரித்தொகை தெரியும்: 1,180 ரூபாயில் 180. வற் பதிவில்லாத கடை இந்த வரியை அறவிட முடியாது. கடை தரும் விலைப்பட்டியலில் வற் பதிவிலக்கத்தைப் பாருங்கள்.

மாதாந்தப் பணவீக்கச் செய்தியில் வீதத்தோடு சுட்டெண்ணையும் தங்கள் பத்திரிகை சேர்த்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்