ரோஸி அம்மாவுக்காக ஓடுன எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். பி.கே.ரோஸி அம்மாவ நினைச்சு நாம நடத்துன கூட்டம் நல்லபடியா முடிஞ்சு நாற்காலி, பாய், மைக்செட் எல்லாம் திருப்பி குடுத்தாச்சு, இனி நன்றி சொல்றது மட்டும் தான் பாக்கி. பேரு போட்டு எழுதலாம்னா ஒருத்தர விட்டாலும் சண்டை வரும், போதாததுக்கு பாதிபேரு "எம்பேர போட்டுராத மக்ளே"ன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அதனால யாரு பேரும் போடல, வாசிக்கும்போது அவங்கவங்களுக்கு புரிஞ்சிரும்.

வர முடியாதவங்களுக்காக கதைய சுருக்கமா சொல்லிடுறேன். பி.கே.ரோஸி மலையாள சினிமாவோட முதல் கதாநாயகி. 1903-ல திருவனந்தபுரம் நந்தன்கோட்டுல பிறந்த ராஜம்மா, தீண்டாமைக்கு ஆளான புலையர் சமுதாயம், புல்லறுக்குற வேலை, அதோட கக்காரிசிங்கிற சிரிப்பு நாட்டுப்புற நாடகமும் ஆடுனவங்க. படத்தோட பேரு விகதகுமாரன், ஊமைப்படம். எடுத்தவரு ஜே.சி.டேனியல், நம்ம கன்னியாகுமரி பக்கத்து அகஸ்தீஸ்வரத்துக்காரரு, சொத்த வித்து ஸ்டுடியோ போட்டு, தானே கதை எழுதி தானே கேமரா பிடிச்சு தானே ஹீரோவாவும் நடிச்ச மனுஷன். பம்பாய்ல இருந்து வரவழைச்ச நடிகை ஒத்துவராம போனதும் சரோஜினிங்கிற நாயர் பொண்ணு வேஷத்த ரோஸிக்கு குடுத்தாரு. திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டர்ல படம் போட்டாங்க (1928-ன்னு ஒரு கட்சி, 1930-ன்னு ஒரு கட்சி, நம்ம கூட்டத்துலயே ரெண்டு கட்சியும் இருந்துச்சு), ஒரு புலையப் பொண்ணு நாயர் வேஷம் கட்டுறதா, அவ தலைல வச்ச பூவ ஹீரோ எடுக்குறதான்னு கொந்தளிச்சு திரைய கல்லால அடிச்சாங்க. குடிசையவும் எரிச்சிட்டாங்கன்னு சொல்லுதாவ. ராத்திரியோட ராத்திரியா அவங்க ஓடி ஏறுனது நாகர்கோவிலுக்கு வர்ற லாரி. அந்த டிரைவர் கேசவ பிள்ளையவே கல்யாணம் கட்டி, ராஜம்மாளா இங்கயே வாழ்ந்து, 1988-ல இறந்தாங்க. அவங்க அதுக்கப்புறம் எந்தப் படத்துலயும் நடிக்கல, நடிச்ச அந்த ஒரு படத்தோட பிரிண்டும் இன்னைக்கு இல்ல.

முதல் நன்றி பிளக்ஸ் கடை அண்ணனுக்கு. "மூஞ்சி இல்லாம என்ன பிளக்ஸு?"ன்னு கேட்டாரு, நியாயமான கேள்வி தான். இவங்க தான்னு அடிச்சு சொல்ற மாதிரி ஒரு போட்டோ கைல கிடையாது. 2013-ல மலையாள டைரக்டர் கமல் எடுத்த செல்லுலாய்டு படத்துல ரோஸியா நடிச்ச பொண்ணு படத்த போடவான்னாரு, 2023 பிப்ரவரி 10-ல கூகுள் டூடுல் வந்துச்சுல்லா அத எடுத்துப் போடவான்னாரு, ரெண்டும் வேண்டாம்னதும் கோவத்துல கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டாரு. கடைசில கல்லூரில படிக்கிற நம்ம தங்கச்சி ஒரு லாரியும் ஓட்டை விழுந்த திரையும் மட்டும் வரைஞ்சு குடுத்தா, அத பாத்துட்டு அவரே "இது கொள்ளாம், நல்லாருக்கு"ன்னுட்டு துணிக்காசு மட்டும் வாங்குனாரு. அண்ணே, பிளக்ஸ் இப்பவும் கிழியாம தொங்குது.

இடம் குடுத்த டீச்சரம்மாவுக்கு ரொம்ப நன்றி. முதல்ல ஒரு ஹால்ல கேட்டோம், சரின்னாங்க, விஷயத்த சொன்னதும் "சாதிப் பேச்செல்லாம் எதுக்கு, வேற நடிகை இல்லியா"ன்னு பின்வாங்கிட்டாங்க. எந்த ஹாலுன்னு கேக்காதீங்க. டீச்சர் மட்டும் எதுவும் கேக்காம மொட்டை மாடி சாவிய கைல குடுத்துட்டு "செருப்ப கீழ விட சொல்லு, அது போதும்"னாங்க.

மார்த்தாண்டத்துல இருந்து வந்த இன்னொரு டீச்சர பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும். மலையாளத்துல ரோஸிய பத்தி எழுதுனத எல்லாம் உக்காந்து வாசிச்சு தமிழ்ல குறிப்பெடுத்து குடுத்தது இவங்க தான். கூட்டத்துல ஒரு பையன் "முதல் ஹீரோயின்னா பெருமை தானே, அத ஏன் கடைசிவரைக்கும் மறைச்சு வாழ்ந்தாங்க"ன்னு கேட்டான், நானும் உள்ளுக்குள்ள நினைச்ச கேள்வி தான் அது. டீச்சர் நம்ம மண்ணுல இருந்தே பதில் சொன்னாங்க. பொம்பளைங்க மார்ப மூடி தோள்சீலை போடுற உரிமைக்கு இதே தென் திருவிதாங்கூர்ல எத்தன வருஷம் அடிதடி நடந்து 1859-ல உத்தரவு வந்துச்சு, சுசீந்திரத்துல கோயில சுத்தி இருக்க தெருவுல நடக்குறதுக்கே 1926-ல சத்தியாகிரகம் இருந்தாங்க, கோயிலுக்குள்ள எல்லாரும் போலாம்னு ராஜா விளம்பரம் விட்டதே 1936-ல தான், அப்போ ரோஸி லாரில வந்து இறங்குன ஊருலயும் அவங்க யாருன்னு தெரிஞ்சா நடக்க தெரு கிடையாது, பிறகு எப்படிப்பா வெளிய சொல்லுவா, அப்படின்னு திருப்பிக் கேட்டாங்க. பையன் உக்காந்துட்டான். கல்லெறிஞ்சது திருவனந்தபுரத்துக்காரன், நாம அடைக்கலம் குடுத்தோம்னு ஒரு நினைப்பு நம்மள்ல பலபேருக்கு உண்டு பாத்துக்கிடுங்க, அத டீச்சர் கொஞ்சம் இறக்கி வச்சாங்க. அடைக்கலம் குடுத்தது ஊர் இல்ல, ஒரு டிரைவர்.

அந்த டிரைவர் பத்தி பேச வில்லுக்குறி பக்கம் இருந்து ரிட்டயர்டு லாரி டிரைவர் பெரியப்பா ஒருத்தர் வந்தாரு. மைக்க பிடிக்கவே மாட்டேன்னுட்டாரு, உக்காந்தே பேசுனாரு. பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலைன்னு வழிய விரல விட்டு சொல்லிட்டு, இன்னைக்கு கேரளா எல்லையா இருக்க களியக்காவிளைல அன்னைக்கு செக்போஸ்ட் ஏது, 1956 வரைக்கும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒண்ணா தானே இருந்துச்சுன்னாரு. முன்னபின்ன தெரியாத பொம்பளைய ராத்திரி வண்டில ஏத்துனா போலீசுக்கும் பதில் சொல்லணும் வீட்டுக்கும் பதில் சொல்லணும், நானா இருந்தா நிப்பாட்டியிருப்பனான்னு தெரியலன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்புறமா, "ஏத்துனவன் கடைசிவரைக்கும் எறக்கி விடல, அத எழுதி வையிங்க"ன்னாரு. வச்சாச்சு பெரியப்பா.

வில்லுப்பாட்டு செட்டுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. கோயில் கொடை நேரத்துல தேதி குடுத்ததே பெரிசு. ரோஸி கதைய வில்லுல பாடணும்னு நாங்க கேட்டப்ப, எங்க கூட்டத்துல சிலபேரு லாரில அவங்க அழுதுட்டே வர்ற மாதிரி நாலு வரி வேணும்னு ஒரே பிடிவாதம், அப்பத்தான் ஜனங்க கண்ணு கலங்கும்னு. பாடுற அக்கா உடுக்க கீழ வைக்க சொல்லிட்டு, "அழுதாளோ கெட்டவார்த்த சொன்னாளோ அசந்து தூங்குனாளோ, யாரு கண்டா? நான் லாரிய மட்டும் பாடுதேன்"னாங்க. அப்படியே தான் பாடவும் செஞ்சாங்க. வீசுகோல் மணி லாரி ஓட்டத்துக்கு ஏத்தமாதிரி வேகம் எடுக்க, குடம் அடிக்க, பின்பாட்டுக்காரங்க ஒவ்வொரு ஊர் பேருக்கும் ஆமா போட, சின்னப் பிள்ளைங்க எழும்பி ஆடுச்சு. இரங்கல் கூட்டம் மாதிரி ஆயிரும்னு பயந்துட்டு இருந்த எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. கக்காரிசி ஆடி நாலு பேர சிரிக்க வச்ச ஒரு கலைஞிக்கு நாம ஒப்பாரி மட்டும் வச்சா எப்படி?

அகஸ்தீஸ்வரத்துல இருந்து வந்தவங்களுக்கும் நன்றி, டேனியல் பத்தியும் பேசணும்னு அவங்க கேட்டது சரி தான். அந்த ஒரு படத்தோட அவரும் முடிஞ்சு போனாரு, பல் டாக்டரா பொழச்சு, 1975-ல ஊர்லயே இறந்தாரு. கேரளால உதவித்தொகை கேட்டப்ப நீங்க தமிழ்நாட்டுக்காரருன்னு கைய விரிச்சாங்க, இப்போ அவரு பேர்ல 1992-ல இருந்து கேரளா அரசு பெரிய விருது குடுத்துட்டு வருது. ரோஸி பேர்ல மலையாள சினிமாவுல இருக்க பெண்கள் சேந்து 2019-ல ஒரு ஃபிலிம் சொசைட்டி ஆரம்பிச்சாங்க. இங்க? ஒழுகினசேரில பிறந்த கலைவாணர நாம தலைல தூக்கி வச்சு ஆடுறோம், ஆடணும் தான், ஆனா அதே காலத்துல பக்கத்து தெருவுல ஒரு நடிகை பேர மாத்திக்கிட்டு குடும்பம் நடத்துனது நமக்கு தெரியல. நாகர்கோவில் வடசேரில ஒரு சின்ன பலகையாவது வைக்கணும்னு மனு எழுதியிருக்கோம். கையெழுத்து போட்ட மீன்காரி அக்காமாருக்கு தனி நன்றி, ஒருத்தங்க மட்டும் "நடிச்சதுக்கு சம்பளமாவது குடுத்தானுவளா"ன்னு கேட்டுட்டு தான் போட்டாங்க.

மழை வருமோன்னு தார்ப்பாய் தந்தவங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்து வயசானவங்கள ஓசில ஏத்திட்டு வந்த ஆட்டோ தம்பி, ப்ரொஜெக்டர் மண்டைய போட்டப்ப சத்தமில்லாம வீட்டுக்கு ஓடி இன்னொன்னு தூக்கிட்டு வந்தவரு, எல்லாருக்கும் நன்றி. சுக்குகாப்பியும் பழம்பஜ்ஜியும் அனுப்புன சாயாக்கடை அண்ணனுக்கும் தான்.

அப்புறம், மாடில ஒரு பச்சை குடையும் மூடி இல்லாத ஒரு தூக்குவாளியும் கிடந்துச்சு, ரெண்டும் சாயாக்கடைல தான் இருக்கு. எடுக்கப் போறவங்க தயவுசெஞ்சு ஒரு சாயாவும் குடிச்சு காசு குடுத்துட்டு வாங்க, அன்னைக்கு அண்ணன் எங்ககிட்ட ஒத்தப் பைசா வாங்கல.