அரங்கைப் பூட்டாமல் புதுப்பிக்கிறோம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நாகர்கோவிலில் உள்ள நம் சபை அரங்கத்தின் கூரை, சுவர், வயரிங், நாற்காலி நான்கையும் புதுப்பிக்க இருக்கிறோம். வேலை நடக்கும் நாளெல்லாம் சனி, ஞாயிறு நிகழ்ச்சிகளும் நடக்கும். பூட்டிவிட்டுச் செய்தால் 4 லட்சம் ரூபாய் மிச்சம் என்கிறார்கள் ஒப்பந்தக்காரர்கள். கணக்கு சரிதான். ஆனால் காவலாளி சம்பளமும் கரண்டு பில்லும் அரங்க வாடகையில்தான் ஓடுகின்றன. ஒரு வருடம் வேறிடம் தேடிப்போன வில்லுப்பாட்டுக் குழுவும் பள்ளி ஆண்டு விழாவும் திரும்பி வருவது கடினம். கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் பிறந்த வடிவீஸ்வரம் இருக்கிற ஊரில், ஒரு நவராத்திரியைப் பாட்டில்லாமல் கழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் வேலை கூரை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவம். ஓடு பிரிக்க ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பிக்கையான காலம். அதனால் கூரையை 3 மீட்டர் அகலத்தில் 6 பத்திகளாகப் பிரித்திருக்கிறோம். ஒரு வாரம் ஒரு சரிவு, மறு வாரம் எதிர்ச்சரிவு. மொத்தம் 12 வாரம். திங்களன்று பிரித்த இடத்தை வெள்ளி மதியத்துக்குள் ஓடு வேய்ந்து மூடியாக வேண்டும். வேலை நடக்கும் பத்திக்குக் கீழே இரும்புக் குழாய்ச் சாரம், அதன்மேல் பலகைத் தளம், தளத்தின் அடியில் தகரம். அந்த 4 லட்சம் போவது இதற்குத்தான். சாரம் நிற்கும் இடத்து நாற்காலிகளை எடுத்துவிடுவதால் 300 பேருக்குப் பதில் 240 பேர் உட்காரலாம். இரண்டு பக்க வாசல்களும் எந்த நாளும் அடைபடாது.

சதுர மீட்டருக்கு 15 ஓடு வீதம் 300 சதுர மீட்டருக்கு 4,500 ஓடு வேண்டும். பழையதில் நல்லதை மீண்டும் போடுவோம். ஓட்டின் ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் உள்ளே கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்தான், ஆனால் அடுத்த மழையிலோ அதற்கடுத்த மழையிலோ அதன் வழியாகத்தான் ஒழுகும்.

ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்கள் நடுவில் உறுதியாகவே இருக்கின்றன. சுவரில் புதைந்த முனைகள்தான் உளுத்திருக்கின்றன. முன்பு நடந்த பழுதுபார்ப்பில் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசியதே காரணம். செங்கலுக்குள் இறங்கிய ஈரம் சிமென்ட்டைத் தாண்டி வெளியேற முடியாமல் மர முனையில் போய்த் தங்கியது. பின்னாலேயே சிதலும் (கறையான்) வந்தது. மரத்தை மட்டும் மாற்றினால் இதே வேலை திரும்பவும் வரும். ஆகவே உளுத்த பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, சாய்வாகச் செதுக்கி, புது அயினி மரத் துண்டை 2 போல்ட் போட்டு இணைப்போம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசி, முனையைச் சுற்றிக் காற்றுப் போக இடைவெளி விடுவோம். சிமென்ட் பூச்சை எடுத்துவிட்டு, நன்றாக நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு, ஊறவைத்த கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்த்துப் பூசுவோம். அவசரமாகக் காயவிட்டால் இது வெடிக்கும். ஈரச் சாக்குப் போட்டு மெதுவாக இறுகவிட வேண்டும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு சுவர் மட்டுமே.

கூரையை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போடச் சொன்னவர்கள் உண்டு. வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒழுக்கும் சிதலும் கண்ணில் படாமல் வளர்வதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கூடத்தின் உயரமும் குறைந்து குரல் நீண்டு ஒலிக்கும் கார்வை போய்விடும்.

நாற்காலிக்கு ஏன் செலவு என்று பலர் கேட்கிறார்கள். காலியான பலகை நாற்காலி ஒலியை உறிஞ்சாது; உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் உறிஞ்சுவார்கள். கூடம் நிறைந்த அன்று மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் (தட்டின் ஒலி) தனித்துக் கேட்கும். 60 பேர் வந்த அன்று சொல்லின்மேல் சொல் விழுந்து குழம்பும். பஞ்சு வைத்த, துணி உறையிட்ட இருக்கை காலியாக இருந்தாலும் ஓரளவு உறிஞ்சும் என்பதால் கூட்டம் குறைந்த நாளிலும் தெளிவு கிடைக்கும்.

பழைய மரப்பட்டி வயரிங்கில் எர்த் கிடையாது. முழுவதும் செம்புக் கம்பியாக மாற்றி, மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைப்போம். மேடை விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரையும் ஒலிபெருக்கியையும் ஒரே பேஸில் போட்டால் மைக்கில் 'ம்ம்' என்ற இரைச்சல் வரும். இரண்டுக்கும் தனித்தனி லைன்.

மொத்த மதிப்பீடு 42 லட்சம் ரூபாய். கூரை 14, வயரிங் 7, பூச்சு 6, நாற்காலி 11, சாரமும் தளமும் 4 லட்சம். உறுப்பினர்களிடம் 16 லட்சம் சேர்ந்திருக்கிறது; இன்னும் 26 லட்சம் வேண்டும். கூரைக்கான பணம் டிசம்பருக்குள் கைக்கு வந்தால்தான் ஜனவரியில் ஓட்டில் கை வைப்போம். பாதியில் நின்றால் ஜூன் மழை மேடையில் இறங்கும். காசோலையாகவோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்குக் கேட்க முடியாது. எந்தத் தொகைக்கும் ரசீது தருவோம். வரவு செலவை மாதம்தோறும் அரங்க வாசல் பலகையில் ஒட்டுவோம்.

பொருளாகவும் தரலாம். விளையில் (தோப்பில்) நிற்கும் அயினியைத் தர நினைப்பவர்கள் இப்போதே சொல்லுங்கள். பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும், அறுத்து நிழலில் மாதக்கணக்கில் காயவைக்க வேண்டும். வீடு இடிப்பவர்கள் ஓடுகளை லாரியில் ஏற்றுமுன் அடிப்புறத்து முத்திரையைப் பாருங்கள். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொரு கம்பெனி ஓடு சரியாக உட்காராது. முதலில் இரண்டே ஓடு கொண்டுவாருங்கள், நம் கூரை ஓட்டோடு கோத்துப் பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
அரங்கப் புதுப்பிப்புக் குழுவினர்