க்ரூகரில் கிலோமீட்டர் கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு போய்வரக்கூடிய கார் பயணங்கள் என்று உங்கள் பயணப் பக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவையும் சேர்த்திருந்ததில் மகிழ்ச்சி. நம் காரை நாமே ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் சுற்றலாம், வழிகாட்டி கட்டாயமில்லை என்பது வாசகர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்கும். ஆனால் அதோடு ஒரு பயணத்திட்டம் போட்டிருந்தீர்களே, காலையில் தெற்கு வாசலில் நுழைந்து மாலைக்குள் நடுப்பகுதி, மறுநாளே வடக்குக் கோடி என்று, அதை எழுதியவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, அல்லது வரைபடத்தைப் பார்த்தே எழுதியிருப்பார். நானும் என் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அங்கே போய் வந்தோம். நான் ஓட்டினேன், அவர் பைனாகுலரும் கையுமாகப் பக்கத்தில். அதனால் கொஞ்சம் உரிமையோடே எழுதுகிறேன்.

பூங்கா தெற்கு வடக்காக ஏறக்குறைய 360 கிலோமீட்டர். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், மண்சாலையில் 40. அதற்கு மேல் போனால் அபராதம். சரி, 50-ல் போனால் ஏழெட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்று கணக்குப் போடத் தோன்றும். நடைமுறையில் அந்த 50-ஐத் தொடுவதே அபூர்வம். ஒரு வளைவில் யானைக்கூட்டம் சாலையைக் கடக்கும், குட்டி நடுரோட்டில் நின்று மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்ளும், அது முடிக்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். பூங்காவுக்குள் இரவு தங்கும் இடங்களை முகாம் என்கிறார்கள். ஸ்குகுசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாமுக்கு, சாபி ஆற்றை ஒட்டிப் போகும் சாலை 45 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். அதை ஒரு மணி நேரத்தில் கடப்பவர் எதையும் பார்க்காமல் கடக்கிறார் என்று பொருள். மூன்று மணி நேரம் ஒதுக்கினால் நியாயம். சிறுத்தை பார்க்க நல்ல வாய்ப்புள்ள சாலைகளில் அதுவும் ஒன்று, மரக்கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போக வேண்டிய சாலை.

இன்னொரு பக்கம், பொழுது சாய்ந்தால் முகாம் கதவை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் மாலை 5.30, கோடையில் 6.30 என்று மாதத்துக்கு ஏற்ப மாறும். தாமதமாக வந்தால் அபராதம் உண்டு. நீளமான திட்டம் போட்டவர்கள் எல்லாம் கடைசி ஒரு மணி நேரத்தில் பறக்கிறார்கள், விலங்குகள் வெளியே வரத் தொடங்கும் அந்த நேரத்தில். அவசரத்தில் அடிபட்டுச் சாவது ஆமையும் ஆந்தையும்.

இப்போது யாரும் எழுதாத விஷயத்துக்கு வருகிறேன். கழிப்பறை. க்ரூகரில் கண்ட இடத்தில் காரை விட்டு இறங்கக் கூடாது. முகாம், பிக்னிக் இடம், நுழைவாயில், இறங்கலாம் என்று பலகை வைத்திருக்கும் ஒருசில இடங்கள், அவ்வளவுதான். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைப்பதும் தவறு, புதருக்குள் எது படுத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. முப்பது வயதில் இது ஒரு பொருட்டே இல்லை. சர்க்கரை உள்ளவருக்கும், புராஸ்டேட் தொல்லை உள்ளவருக்கும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவருக்கும் இதுதான் முதல் கேள்வி. என் கணவர் முதல் நாள் தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கப் பார்த்தார், பிற்பகலுக்குள் தலைவலியும் எரிச்சலும் வந்து சேர்ந்தன, வரிக்குதிரையைக் காட்டினாலும் 'ம்' என்றார். மறுநாளிலிருந்து வரைபடத்தில் கழிப்பறை இருக்கும் இடங்களை வட்டம் போட்டுக்கொண்டோம். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்ட பிறகு பயணமே வேறு மாதிரி ஆகிவிட்டது. முழங்கால் வலிக்கும் இது நல்லது, போகிற இடத்திலெல்லாம் இறங்கி நாலு எட்டு நடக்க முடிகிறது.

அப்படிச் சுருக்கியதில் எதையும் இழந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லோயர் சாபி முகாமுக்குப் பக்கத்திலேயே சன்செட் அணை என்று ஒரு நீர்நிலை, சாலையை ஒட்டியே தண்ணீர். எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் முதல் கால் மணி நேரம் எதுவும் இல்லாதது போலத்தான் இருக்கும். பிறகு பாறை என்று நினைத்தது மூச்சு விடும், அது நீர்யானை. அதன் முதுகில் வரிசையாக ஆமைகள் வெயில் காயும், நீர்யானை தண்ணீரில் அமிழும்போது ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்து, அது மேலே வந்ததும் மறுபடி ஏறப் பார்க்கும். கரையில் முதலை வாயைப் பிளந்தபடி கிடக்கும், அது உடல் சூட்டைத் தணிக்க, நம்மைப் பயமுறுத்த இல்லை. மஞ்சள் அலகு நாரை ஒற்றைக் காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டு, பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் காத்திருக்கும். இதற்குள் நமக்குப் பின்னால் நாலைந்து கார்கள் வந்து, கண்ணாடியை இறக்கி, 'சிங்கம் இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் போயிருக்கும்.

இந்தச் சிங்க மோகம் பற்றி ஒரு வார்த்தை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற ஐந்தின் பட்டியல் ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் போட்டது. நடந்து போய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை இவை என்று அவர்கள் வைத்த கணக்கை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? முகாம்களில் பூங்காவின் வரைபடப் பலகை வைத்து, எந்த விலங்கை எங்கே பார்த்தார்கள் என்று வண்ண வண்ணமாகக் குறிக்கிறார்கள், அது பழைய நல்ல ஏற்பாடு. கைப்பேசிச் செயலிகள் வந்த பிறகுதான் ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது கார் மறிக்கிறது. அதைவிட இம்பாலா மான்களைப் பாருங்கள், எங்கு திரும்பினாலும் இருக்கும் என்பதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் மந்தை முழுவதும் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையில் பார்த்து மூக்கால் சீறினால், அந்தத் திசையில் வேட்டை விலங்கு இருக்க வாய்ப்பு அதிகம். எந்தச் செயலியும் வேண்டாம். நம் ஊர்ப் பனங்காடையின் உறவான ஊதா நெஞ்சுப் பறவை ஒன்று சாலையோரக் காய்ந்த கிளைகளில் உட்கார்ந்திருக்கும், அதன் சிறகு விரிந்ததும் என் கணவர் காட்டெருமையை மறந்துவிட்டார்.

யானை விஷயத்தில் மட்டும் அசட்டுத் துணிச்சல் கூடாது. தனி ஆண் யானை, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழிந்த ஈரக்கோடு, பின்னங்கால்களுக்கிடையே சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் அது மதத்தில் இருக்கிறது, தூரத்திலேயே நின்று வழிவிடுங்கள், நம்மை நோக்கி வந்தால் பதறாமல் பின்னால் எடுங்கள். கழுத்து திரும்பாத வயதில் ரிவர்ஸ் எடுப்பது சிரமம், ஊரிலேயே பழகிக்கொண்டு போவது நல்லது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவே காரைக் கொண்டுபோய் நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மற்றவை சுருக்கமாக. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், புல் குறைந்து விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், பார்ப்பது எளிது, விடியற்காலையில் மட்டும் நன்றாகக் குளிரும். மழைக்காலத்தில் பசுமையும் பறவைகளும் இம்பாலாக் குட்டிகளும் அழகு, ஆனால் புதர் மறைக்கும். அது மலேரியா பகுதி, இதயத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர்கள் தடுப்பு மருந்தைத் தாங்களாக வாங்காமல் மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். பைனாகுலர் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது வேண்டாம், கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும், எட்டு போதும். கார் எடுக்கும்போது இருக்கை உயரமான வண்டியாகப் பார்த்து எடுங்கள், புல்லுக்கு மேலே பார்வை போகும், முழங்காலும் வாழ்த்தும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது ஊருக்கு ஊர் கிலோமீட்டர் அட்டவணைக்குப் பதிலாக, எந்த முகாமிலிருந்து எந்த முகாமுக்கு நின்று பார்த்துப் போனால் எத்தனை மணி நேரம், நடுவில் எங்கே இறங்கலாம், அந்த மாதத்தில் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்ற மூன்றையும் போடுங்கள். முழுப் பூங்காவையும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்குத் தெற்கு ஒரு வருடம், வடக்கு இன்னொரு வருடம் என்று எழுதிவிடுங்கள், ஓய்வு பெற்றவர்கள் லீவு கேட்டு யாரிடமும் நிற்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை, நெடுநாள் வாசகி