விளக்கு எரிந்துவிட்டால் வேலை தரமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரத்து நூலகத்தின் புதுக் கட்டிடத் திறப்பு விழாவை மாவட்டப் பக்கத்தில் படத்தோடு போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் செய்தியின் கடைசியில், எல்லா விளக்கும் மின்விசிறியும் ஓடியதால் மின் வேலை தரமாக முடிந்திருப்பது தெரிந்தது என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 34 வருஷம் லைசென்ஸோடு வயர்மேன் வேலை பார்த்தவன் நான்.

விளக்கு எரிய, கரண்ட் வருகிற பேஸ் வயரும் அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரும் போதும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பச்சை வயர், அதாவது எர்த், இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும். அந்த வயர் விளக்குக்காகப் போடுவதில்லை, தொடுகிற ஆளுக்காகப் போடுவது.

திறப்பு விழா முடிந்து பத்து நாள் இருக்கும். பேப்பர் படிக்கப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பெண்பிள்ளை ஆர்.ஓ. மெஷினில் தண்ணீர் பிடிக்கப் போய், "சுர்ருனு இழுக்குது தாத்தா" என்று கையை உதறிக்கொண்டு வந்தாள். நூலகரிடம் கேட்டுக்கொண்டு மெயினை அணைத்துவிட்டு அந்த பிளக் பாயின்ட்டைக் கழற்றினேன். மேல் துளைக்குப் போக வேண்டிய பச்சை வயரை இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி, மடித்துப் பெட்டிக்குள் செருகி வைத்திருந்தார்கள். சரி, நாமே மாட்டிவிடலாம் என்று அதன் மறுமுனையைத் தேடிப் போனேன். மெயின் போர்டிலும் அது எதிலும் சேரவில்லை. கட்டிடத்தைச் சுற்றி வந்து பார்த்தேன், எர்த் குழியே கண்ணில் படவில்லை. மெஷினின் தகரத்தில் கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் அந்தப் பிள்ளையின் கை வழியாகப் போயிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. என்று ஒன்று உண்டு. அதுவும் அங்கே இல்லை.

வேலை பார்த்த தம்பியை ஒருநாள் டீக்கடையில் பார்த்துக் கேட்டேன். "லைட்டு எரியுதுல்லா அண்ணாச்சி, பொறவு என்ன?" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனிடம் லைசென்ஸ் கிடையாது, நாள் கூலிக்கு வந்தவன், மற்றவர்கள் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். அதே வார்த்தை தங்கள் பத்திரிகையில் அச்சில் வந்ததுதான் தாங்க முடியவில்லை.

1994 ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், என்னிடம் ஹெல்ப்பராக இருந்த பையன் பல்பு மாற்ற இரும்பு ஏணியில் ஏறினான். ஏறுமுன் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினான். அந்த மண்டபத்தில் வயரிங் செய்தவர் சுவிட்சைப் பேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுத்தாலும் சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். ஒரு டெஸ்டரை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த மண்டபத்திலும் திறப்பு விழா அன்று எல்லா விளக்கும் எரிந்தது.

பாபநாசத்தில் 1944-லேயே அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்த சீமை இது. அந்தக் காலத்துக் கட்டிடங்களில் மரச்சட்டம் அடித்து, கிளிப் போட்டு, நூல் பிடித்த மாதிரி வயர் இழுத்திருப்பார்கள். தப்பு இருந்தால் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். இப்போது சுவரில் காடி வெட்டிப் பைப்பைப் புதைத்துப் பூசிவிடுகிறார்கள். பைப்புக்குள் வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்களா, ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். மெல்லிய வயருக்கு, கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை வெட்டுகிற எம்.சி.பி.யை 32 ஆம்பியரில் மாட்டியிருக்கிறார்களா என்று பெயின்ட்டைப் பார்த்து யார் சொல்ல முடியும்? அப்படி மாட்டினால் வயர் வெந்துபோகும், எம்.சி.பி. விழாது. பூசுவதற்கு முன்னால் ஒருதடவை கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் சப்ளை கொடுக்குமுன் வயரின் உறை கரண்டைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்து, லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு நிமிஷம் சோதித்து, அந்தத் தடை 1 மெகோமுக்கு, அதாவது பத்து லட்சம் ஓமுக்கு, குறையாமல் இருக்கிறதா என்று எழுதி வைக்க வேண்டும். அந்த அளவுக் கட்டிடத்துக்கு அரைநாள் வேலை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையைத் தாங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வடிந்த பிறகு ஒரு பொதுக் கட்டிடத்தில், முழங்கால் உயரத் தண்ணீரில் கிடந்த பிளக் பாயின்ட்களைத் துணியால் துடைத்துவிட்டு மெயினைப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். மெக்கர் வைத்துவிட்டுப் போடுங்கள் என்றேன். வயதானவர் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அதைப் பற்றித் தங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நாலு வரியாக்கி, 'மழைக்காலத்தில் மின்சாரத்தில் கவனம் தேவை' என்று போட்டீர்கள். மெக்கர் என்ற வார்த்தையே அதில் இல்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும், புரிகிறது. ஆனாலும் மனசு வலித்தது.

நான் கேட்பது சிறிய விஷயம்தான். இனிமேல் ஒரு பள்ளிக்கூடமோ நூலகமோ திறக்கிற செய்தி எழுதும்போது, மின் வேலையின் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே, மெக்கர் ரீடிங் எவ்வளவு, எர்த் குழி எந்தப் பக்கம் என்று தங்கள் நிருபர் கேட்கட்டும். பதில் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் 'தரமாக' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.

நூலகர் மேலே எழுதிப் போட்டிருக்கிறார். ஆர்.ஓ. மெஷின் இன்றைக்கும் பிளக் உருவியபடி நிற்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
அம்பாசமுத்திரம் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.