எஸ்பரன்ஸிலிருந்து வந்த போட்டோ

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. நாற்பது நாள் கழித்து ஒரு போட்டோ, அதோடு ஒரு வார்த்தைகூட இல்லை. ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் மியூசியத்தில் இருக்கிற, அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேப்பின் துண்டு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெர்த்திலிருந்து அது 700 கிலோமீட்டர் இருக்குமே, யார் வண்டி ஓட்டியது? ராத்திரியில் ஓட்டாதே, கங்காரு குறுக்கே பாயும்.

1979 ஜூலையில் அந்த 77 டன் இரும்பும் எங்கள் தலையில்தான் விழப்போகிறது என்று ஊரே நம்பியது. எனக்குப் பதினாறு வயது. இனி எதற்கு என்று ஆத்தா விதைக்கு வைத்திருந்த கடலையை வறுத்துக் கொடுத்துவிட்டாள். கடைசியில் விழுந்தது நீ போன அந்த ஊர்ப்பக்கம். கொட்டகைமேல் விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு சான்பிரான்சிஸ்கோ போய், அங்கே ஒரு பத்திரிகை அறிவித்திருந்த பத்தாயிரம் டாலர் பரிசை வாங்கினான் ஒரு 17 வயதுப் பையன்.

ஸ்கைலேப்புக்குக் கடைசியாகப் போன மூவரைப் பற்றிச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். கார், கிப்சன், போக். மூவருக்கும் அதுதான் முதல் பயணம். 1973 நவம்பரில் போய்ச் சேர்ந்த முதல் நாளே போக் வாந்தி எடுத்தார். கீழே பூமியில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டாம் என்று மூவரும் பேசி முடிவு செய்தார்கள். அந்தப் பேச்சு அங்கிருந்த டேப்பில் பதிவாகி, கீழே இருந்தவர்கள் காதுக்குப் போய்விட்டது. விண்வெளி வீரர்களுக்குத் தலைவராக இருந்த ஆலன் ஷெப்பர்ட் ரேடியோவிலேயே கண்டித்தார். செய்தது முட்டாள்தனம்தான் என்று கார் ஒப்புக்கொண்டார்.

உடம்புக்கு முடியாததை மறைக்கக் கூடாது என்பதற்கு வகுப்பில் இருபது வருஷம் இதைத்தான் உதாரணமாகச் சொன்னேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அதற்கு முன் 59 நாள் இருந்துவிட்டு வந்தவர்களின் வேகத்தை இந்தப் புதியவர்களின் தலையில் கட்டி, நிமிஷத்துக்கு நிமிஷம் வேலை கொடுத்தது கீழே இருந்தவர்கள்தானே? சொன்னால் திட்டுவார்கள் என்று தெரிந்த இடத்தில் யார் சொல்வார்கள்? டிசம்பர் கடைசியில் இரண்டு பக்கமும் மனம் விட்டுப் பேசினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வேலை வேண்டாம், ஓய்வு எடுக்கட்டும் என்று விட்டார்கள். அதன்பிறகுதான் எல்லாம் சரியானது. 84 நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

பத்தாம் வகுப்பில் காய்ச்சலை மறைத்துக் கணக்குப் பரீட்சை எழுதி நூறு வாங்கினாயே. என் பொண்ணு வாய் திறக்கவில்லை பார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். போன தைப்பொங்கலுக்குப் பேசும்போது, "அப்பா, எனக்கு இங்கே சரிப்பட்டு வரவில்லை" என்று ஆரம்பித்தாய். "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். என்ன சரிப்பட்டு வரவில்லை என்று கேட்கவே இல்லை. தப்பு என்னுடையது கண்ணு.

சல்யூட்டிலிருந்து திரும்பிய அந்த மூன்று ரஷ்யர்களின் நினைப்பு ராத்திரியில் வருகிறது. உலகத்தின் முதல் விண்வெளி நிலையமான அந்தச் சல்யூட்டில் தங்கி 1971 ஜூன் கடைசியில் திரும்பினார்கள். பாராசூட் ஒழுங்காக விரிந்தது, கூண்டு நேராக இறங்கியது. ஓடிப்போய் வெளியே தட்டினார்கள், பதில் இல்லை. மேலேயே ஒரு வால்வு திறந்து காற்றெல்லாம் வெளியேறிவிட்டிருந்தது. திறந்து பார்த்தபோது உடம்பில் சூடு இருந்ததாம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் உன் நிழல் மட்டும்தான் தெரிகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. மெலிந்திருக்கிறாய். ஒழுங்காகச் சாப்பிடு. ராத்திரியில் வண்டி எடுக்காதே.

மேல் ரூமில் கிடந்த நெல் மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டேன். ஃபேனும் புதிதாக மாட்டியாச்சு. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆசாரி நாளைக்கு வருகிறார்.

அப்பா